எவ்வளவு கிடைக்கும்? எவ்வளவு வேண்டும்? – கூட்டு அசமன்பாடுகள்: ஓர் எளிய பாடம்

கல்லூரிகளில் சேர்க்கை நடைபெறும் மாதங்களில் எங்கள் கிளையின் நகைக்கடன் மேசைக்கு முன்னால் வரிசை நீண்டுவிடும். அப்படிப்பட்ட ஒரு நாளில் தாய் ஒருவர் வந்து அமர்ந்தார். அவருடைய மாமனார் கோலார் தங்கவயலின் சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் உழைத்தவர். கணவர் நாள்தோறும் விடியற்காலை இரயிலில் பெங்களூருக்குச் சென்று வேலை பார்த்துத் திரும்புபவர். மகனுக்குப் பொறியியல் கல்லூரியில் இடம் கிடைத்திருந்தது. கட்டணம் செலுத்த நான்கு நாள்களே எஞ்சியிருந்தன. கைக்குட்டையில் முடிந்து கொண்டுவந்த ஐந்து பவுன் நகையை மேசைமேல் வைத்துவிட்டு அவர் கேட்டார்: “இதுக்கு எவ்வளவு கிடைக்கும் சார்?”

நகைக்கடன் கேட்டு வருவோரில் பலருடைய முதல் கேள்வி இதுதான். இதற்கு விடை சொல்வது எளிது. நகையின் நிகர எடையும் மாற்றும் தெரிந்தால் போதும். ஆனால் கேட்கப்படாத கேள்விகள் இன்னும் இரண்டு உள்ளன. உண்மையில் எவ்வளவு வேண்டும்? எவ்வளவு திருப்பிக் கட்ட இயலும்? இம்மூன்றையும் ஒருசேர வைத்துப் பார்க்கும் கணக்கிற்கு இயற்கணிதத்தில் ‘கூட்டு அசமன்பாடு’ என்று பெயர். பள்ளியில் படித்து மறந்தவர்களும் இதுவரை படிக்காதவர்களும் பின்பற்றும் வகையில் அதனை அடிப்படையிலிருந்து காண்போம். இறுதியில் அந்தத் தாயின் கணக்கையும் தீர்ப்போம்.

சமன்பாடும் அசமன்பாடும்

இரண்டு அளவுகள் சமம் என்று கூறுவது சமன்பாடு. ஒன்று மற்றொன்றைவிடக் கூடுதல் அல்லது குறைவு என்று கூறுவது அசமன்பாடு. இதற்கு நான்கு குறிகள் உள்ளன.

< விடக் குறைவு
> விட அதிகம்
≤ குறைவு அல்லது சமம்
≥ அதிகம் அல்லது சமம்

இவற்றுள் முதல் இரண்டும் ஆங்கிலேயக் கணித அறிஞர் தாமஸ் ஹாரியட்டின் நூலில் அச்சேறின. அவர் மறைந்து பத்தாண்டுகள் கழித்து, 1631இல் அந்நூல் வெளிவந்தது.

வங்கி விதிகளில் ‘சமம்’ என்பது சேருமா, சேராதா என்பது முக்கியம். ‘18 வயது நிறைந்தவர்’ என்றால் வயது ≥ 18. ‘5,000 ரூபாய்க்குக் குறையாத இருப்பு’ என்றால் இருப்பு ≥ 5,000. சரியாக 5,000 இருந்தாலும் விதி நிறைவேறுகிறது. ‘5,000 ரூபாய்க்கு மேற்பட்ட இருப்பு’ என்றால் இருப்பு > 5,000. சரியாக 5,000 இருந்தால் போதாது.

அசமன்பாடு நம் ஊருக்குப் புதிதன்று. ஒரு கிராம் தங்கத்தை வெட்டியெடுக்கும் செலவு > அந்த ஒரு கிராமின் விலை. இந்த நிலை ஆண்டுக்கணக்கில் நீடித்தது. 2001ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் நாள் பாரத் தங்கச் சுரங்க நிறுவனத்தின் சுரங்கங்கள் மூடப்பட்டதற்கு அது ஒரு முதன்மைக் காரணம்.

அசமன்பாட்டைத் தீர்க்கும் விதிகள் மூன்றே.

1. இருபுறமும் ஒரே எண்ணைக் கூட்டலாம், கழிக்கலாம். குறி மாறாது.
2. இருபுறமும் ஒரே மிகை எண்ணால் பெருக்கலாம், வகுக்கலாம். குறி மாறாது.
3. இருபுறமும் ஒரே குறை எண்ணால் பெருக்கினாலோ வகுத்தாலோ குறி திரும்பிவிடும்.

மூன்றாம் விதி பலரைத் தடுமாறச் செய்யும். சேமிப்பையும் கடனையும் எண்ணிப் பார்த்தால் அது தெளிவாகும். 3,000 ரூபாய் சேமிப்பு உள்ளவர் 5,000 ரூபாய் சேமிப்பு உள்ளவரைவிடக் கீழ்நிலையில் இருக்கிறார்: 3 < 5. அதே தொகைகள் கடனாக இருந்தால், 3,000 ரூபாய் கடன் உள்ளவரே மேலான நிலையில் இருக்கிறார்: −3 > −5. சேமிப்பு கடனாக மாறியவுடன் வரிசையும் தலைகீழாகிறது.

‘மற்றும்’ என்னும் இணைப்பு

இரண்டு அசமன்பாடுகளை ‘மற்றும்’ என்ற சொல்லாலோ ‘அல்லது’ என்ற சொல்லாலோ இணைத்தால் கூட்டு அசமன்பாடு கிடைக்கும். எந்தச் சொல் இணைக்கிறது என்பதைப் பொறுத்தே விடை அமையும்.

அடல் ஓய்வூதியத் திட்டத்தில் சேர வயது 18 முதல் 40 வரை இருக்க வேண்டும். வயதை ‘வ’ என்று குறித்தால், வ ≥ 18 மற்றும் வ ≤ 40. இரண்டும் ஒரே நேரத்தில் உண்மையாக வேண்டும். இதனைச் சுருக்கி இவ்வாறு எழுதலாம்:

18 ≤ வ ≤ 40

ஓர் எண்கோடு வரைந்து, 18இலிருந்து வலப்புறம் நீளும் பகுதியை ஒரு வண்ணத்திலும் 40இலிருந்து இடப்புறம் நீளும் பகுதியை வேறொரு வண்ணத்திலும் தீட்டுங்கள். இரண்டு வண்ணங்களும் ஒன்றன்மேல் ஒன்று படியும் பகுதியே விடை. இதனைக் கணித நூல்கள் ‘வெட்டு’ என்று கூறும். எல்லையில் உள்ள எண் விடையில் சேருமானால் அந்தப் புள்ளியை நிரப்பிக் காட்டுவர். சேராவிட்டால் வெற்று வட்டமாக விடுவர்.

நடுவில் மாறி இருக்கும் அசமன்பாட்டைத் தீர்க்க நம் சுரங்கத்திலிருந்தே ஓர் எடுத்துக்காட்டு காண்போம். சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழம் கொண்டது. உலகின் மிக ஆழமான சுரங்கங்களுள் ஒன்றாக விளங்கியது. ஆழம் கூடக்கூடப் பாறையின் வெப்பமும் கூடும். அடிமட்டத்தில் அது 60 டிகிரி செல்சியசைத் தாண்டியிருந்ததால், ஆட்கள் வேலை செய்வதற்குக் குளிரூட்டிய காற்றைக் கீழே செலுத்த வேண்டியிருந்தது. கணக்கின் எளிமைக்காக, தரைமட்டத்தில் 27 டிகிரி என்றும், ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் ஏறத்தாழ 12 டிகிரி கூடுகிறது என்றும் கொள்வோம். ஆழத்தை ‘ஆ’ கிலோமீட்டர் என்று குறித்தால், பாறையின் வெப்பம் 27 + 12ஆ.

எந்த ஆழங்களில் பாறையின் வெப்பம் 39 டிகிரிக்குக் குறையாமலும் 51 டிகிரிக்கு மிகாமலும் இருக்கும்?

39 ≤ 27 + 12ஆ ≤ 51

மூன்று பகுதிகளிலிருந்தும் 27ஐக் கழிக்க: 12 ≤ 12ஆ ≤ 24
மூன்று பகுதிகளையும் 12ஆல் வகுக்க: 1 ≤ ஆ ≤ 2

அதாவது, 1 கிலோமீட்டர் முதல் 2 கிலோமீட்டர் வரை. இங்கு நினைவில் கொள்ள வேண்டியது ஒன்றுதான்: நடுப்பகுதிக்கு எதைச் செய்கிறோமோ, அதனை இரு ஓரங்களுக்கும் செய்ய வேண்டும்.

குறி திரும்பும் இடம்

வெளியூரில் வேலை பார்க்கும் ஒருவர் தம் தந்தையின் மருந்துச் செலவுக்கென ஒரு கணக்கில் 20,000 ரூபாய் இட்டு வைத்திருக்கிறார். மாதந்தோறும் அதிலிருந்து 1,500 ரூபாய் எடுக்கப்படுகிறது. இருப்பு 11,000 ரூபாயை எட்டியதும் மீண்டும் பணம் நிரப்புவதைப் பற்றி எண்ணத் தொடங்க வேண்டும். எக்காரணம் கொண்டும் 5,000 ரூபாய்க்குக் கீழே போகக் கூடாது என்பது அவருடைய திட்டம். எத்தனையாவது மாதத்திலிருந்து எத்தனையாவது மாதத்திற்குள் அவர் பணம் நிரப்ப வேண்டும்?

‘ம’ மாதங்களுக்குப் பின் இருப்பு 20,000 − 1,500ம. எனவே,

5,000 ≤ 20,000 − 1,500ம ≤ 11,000

20,000ஐக் கழிக்க: −15,000 ≤ −1,500ம ≤ −9,000

இப்போது −1,500ஆல் வகுக்க வேண்டும். குறை எண்ணால் வகுப்பதால் இரண்டு குறிகளும் திரும்புகின்றன:

10 ≥ ம ≥ 6

சிறிய எண்ணை இடப்புறம் வைத்து எழுதினால் 6 ≤ ம ≤ 10. ஆறாம் மாதம் தொடங்கிப் பத்தாம் மாதத்திற்குள் பணம் நிரப்பிவிட வேண்டும். குறியைத் திருப்ப மறந்திருந்தால் 10 ≤ ம ≤ 6 என்று வந்திருக்கும். பத்துக்குக் குறையாமலும் ஆறுக்கு மிகாமலும் உள்ள எண் எதுவும் இல்லை. இத்தகைய விடை வந்தால் முதலில் உங்கள் செய்முறையைச் சரிபாருங்கள்.

‘அல்லது’ என்னும் இணைப்பு

‘அல்லது’ என்று இணைத்தால் இரண்டில் ஒன்று உண்மையானாலே போதும். எண்கோட்டில் எந்த வண்ணம் பட்ட பகுதியும் விடையில் சேரும். இது ‘சேர்ப்பு’ எனப்படும்.

அடல் ஓய்வூதியத் திட்டத்தில் வயது காரணமாகச் சேர இயலாதவர் யார்? வ < 18 அல்லது வ > 40. இதனைச் சுருக்குவதாக எண்ணி 40 < வ < 18 என்று எழுதுவோர் உண்டு. அது பெரும்பிழை. அவ்வாறு எழுதினால் ஒருவர் ஒரே நேரத்தில் 40 வயதைக் கடந்தவராகவும் 18 வயது நிறையாதவராகவும் இருக்க வேண்டும் என்று பொருள்படும். ‘அல்லது’ கொண்டு இணைத்ததை ஒரே தொடராகச் சுருக்கக் கூடாது.

மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டம் மற்றோர் எடுத்துக்காட்டு. 60 வயது நிறைந்தவர்கள் அதில் சேரலாம். அல்லது, 55 வயது நிறைந்து 60 வயது நிறையாத நிலையில் பணி ஓய்வு பெற்றவர்கள் உரிய காலவரம்புக்குள் சேரலாம். (பாதுகாப்புப் படையிலிருந்து ஓய்வு பெற்றவர்களுக்குத் தனி விதி உண்டு.) பணி ஓய்வு பெற்ற ஒருவரைப் பொறுத்தவரை,

55 ≤ வ < 60 அல்லது வ ≥ 60

இரண்டு பகுதிகளும் 60 என்ற புள்ளியில் இடைவெளியின்றி ஒட்டிக்கொள்வதால் விடை வ ≥ 55. ஓய்வு பெறாதவருக்கு முதல் பகுதி பொருந்தாது. அவருக்கு விடை வ ≥ 60 மட்டுமே. ‘நமக்குப் பொருந்தாது’ என்று விண்ணப்பத்தை மூடிவைக்கும் முன், விதியில் ‘அல்லது’ எங்கே வருகிறது என்று ஒருமுறை தேடிப் பாருங்கள்.

அந்தத் தாயின் கணக்கு

இனி நகைக்கடன் மேசைக்குத் திரும்புவோம். தொகைகளைக் கணக்கின் எளிமைக்காக முழு எண்களாக மாற்றியுள்ளேன். தங்கத்தின் விலை, கடன் விகிதம், வட்டி ஆகியவை அவ்வப்போது மாறுபவை. நடப்பு விவரங்களைக் கிளையில் கேட்டறிக.

ஐந்து பவுன் என்பது 40 கிராம். ஒரு கிராமின் மதிப்பு 8,000 ரூபாய் என்றும், மதிப்பில் 75 விழுக்காடு வரை கடன் தரலாம் என்றும் கொண்டால், ஒரு கிராமுக்கு 6,000 ரூபாய். மொத்தம் 2,40,000 ரூபாய். கடன் தொகையை ‘க’ ஆயிரம் ரூபாய் என்று குறிப்போம்.

வங்கியின் எல்லை: க ≤ 240

கல்லூரிக்குக் கட்ட வேண்டியது 1,80,000 ரூபாய். சேமிப்பில் 30,000 ரூபாய் இருந்தது.

தேவையின் எல்லை: க + 30 ≥ 180, எனவே க ≥ 150

இவ்விரண்டையும் மட்டும் பார்த்தால் 150 ≤ க ≤ 240. “முழுசா போட்டுக் குடுங்க சார், மீதி இருந்தா வேற செலவுக்கு ஆகும்” என்றார் அவர். அப்போதுதான் மூன்றாம் எல்லையைப் பற்றிக் கேட்டேன். வீட்டுச் செலவு போக மாதம் எவ்வளவு ஒதுக்க முடியும் என்பதற்கு, நெடுநேரம் விரல்விட்டு எண்ணியபின் 12,000 ரூபாய் என்றார். ஓராண்டில் 1,44,000 ரூபாய். ஆண்டு வட்டி 9 விழுக்காடு என்றும், ஆண்டு முடிவில் அசலும் வட்டியும் ஒருசேரக் கட்டுவதாகவும் கொண்டால்,

திருப்பிக் கட்டும் எல்லை: 1.09க ≤ 144. எனவே க ≤ 132.11

மேல் எல்லையைக் கீழ்நோக்கியே முழுமையாக்க வேண்டும், ஆகவே 132. இப்போது மூன்றையும் ‘மற்றும்’ கொண்டு இணைப்போம்:

க ≥ 150 மற்றும் க ≤ 132 மற்றும் க ≤ 240

எண்கோட்டில் 150இலிருந்து வலப்புறமும் 132இலிருந்து இடப்புறமும் தீட்டிப் பாருங்கள். வண்ணங்கள் எங்கும் ஒன்றன்மேல் ஒன்று படியவில்லை. விடை வெற்றுக் கணம். இங்கு செய்முறையில் பிழை இல்லை. இந்த நிபந்தனைகள் அனைத்தையும் நிறைவேற்றும் கடன் தொகை எதுவும் இல்லை என்பதே கணக்கு சொல்லும் உண்மை.

வங்கி தர இசையும் முழுத்தொகையை வாங்கினால் இந்த இடைவெளி மறைந்துவிடாது. 2,40,000 ரூபாய் வாங்கினால் ஆண்டு முடிவில் கட்ட வேண்டியது 2,61,600 ரூபாய். கட்டணம் போக எஞ்சும் 90,000 ரூபாயைத் தொடாமல் வைத்திருந்து, ஆண்டுச் சேமிப்பான 1,44,000 ரூபாயையும் சேர்த்தால்கூட 2,34,000 ரூபாய்தான் ஆகிறது. மீட்க முடியாத நகை ஏலத்துக்குப் போகும் நிலை அப்படித்தான் தொடங்குகிறது. வங்கியின் எல்லை நகையின் மதிப்பைக் கொண்டு வகுக்கப்படுவது. அது உங்கள் வீட்டு வருமானத்தின் எல்லையன்று.

விடை வெற்றுக் கணமானால் செய்யக்கூடியவை இரண்டே. கீழ் எல்லையைத் தாழ்த்த வேண்டும். அல்லது மேல் எல்லையை உயர்த்த வேண்டும். கட்டணத்தைத் தவணைகளாகச் செலுத்த அனுமதி, கல்வி உதவித்தொகை, கல்விக்கடன் ஆகியவை கீழ் எல்லையைத் தாழ்த்தும். வருமானம் கூடுவதோ செலவு குறைவதோ மேல் எல்லையை உயர்த்தும்.

அந்தத் தாய் வெளியே சென்று, பெங்களூரில் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருந்த மூத்த மகளிடம் தொலைபேசியில் பேசிவிட்டு வந்தார். மகள் மாதம் 2,000 ரூபாய் தர ஒப்புக்கொண்டாள். மாதம் 14,000, ஓராண்டில் 1,68,000 ரூபாய்.

1.09க ≤ 168. எனவே க ≤ 154.13

இப்போது 150 ≤ க ≤ 154. குறுகிய இடைவெளிதான், ஆயினும் வெற்றிடம் அன்று. அதில் மிகக் குறைந்த தொகையான 1,50,000 ரூபாயை அவர் கடனாகப் பெற்றார். ஆண்டு முடிவில் கட்ட வேண்டியது 1,63,500 ரூபாய். மாதந்தோறும் ஒதுக்கும் பணத்தை அவ்வப்போது கடன் கணக்கிலேயே கட்டிவந்தால் வட்டி இன்னும் குறையும்.

மற்றொரு சிறு அசமன்பாடும் இருந்தது. அடகு வைக்கும் எடை ‘எ’ கிராம் என்றால், 6,000எ ≥ 1,50,000. எனவே எ ≥ 25. ஒரு சங்கிலியும் இரண்டு வளையல்களும் சேர்ந்து 26 கிராம் இருந்தன. அவற்றை மட்டும் வைத்துக்கொண்டு, எஞ்சிய 14 கிராம் நகையை அவரிடமே திருப்பித் தந்தோம். அதில் அவருடைய மாமியார் தந்த தோடும் இருந்தது. அடுத்த ஆண்டுகளின் கட்டணத்துக்கு நகையை நாடாமல், கல்விக்கடனுக்கு இப்போதே விண்ணப்பிக்குமாறு படிவமும் கொடுத்தனுப்பினோம்.

கடன் வாங்குமுன் ஒரு தாளில் மூன்று வரிகள் எழுதுங்கள்: எவ்வளவு வேண்டும், எவ்வளவு திருப்பிக் கட்ட முடியும், எவ்வளவு கிடைக்கும். மூன்றும் ஒன்றுபடும் இடைவெளி இருந்தால் அதன் கீழ் எல்லையைத் தேர்ந்தெடுங்கள். இடைவெளியே இல்லையென்றால், கையெழுத்திடும் முன்னரே அது தெரிந்துவிட்டது என்று ஆறுதல் கொள்ளுங்கள். எந்த எல்லையை நகர்த்தலாம் என்று குடும்பத்தோடு அமர்ந்து பேசுங்கள். எங்கள் மேசையிலும் அதைப் பற்றிப் பேசலாம்.

பயிற்சிக் கணக்குகள்

1. பொது வருங்கால வைப்பு நிதியில் ஓராண்டில் அதிக அளவாக 1,50,000 ரூபாய் செலுத்தலாம். ஒருவர் இவ்வாண்டு இதுவரை 60,000 ரூபாய் செலுத்தியுள்ளார். எஞ்சிய 6 மாதங்களிலும் மாதம் ‘ப’ ரூபாய் செலுத்த எண்ணுகிறார். மொத்தம் 1,20,000 ரூபாய்க்குக் குறையாமலும் உச்ச அளவுக்கு மிகாமலும் இருக்க வேண்டுமானால் ‘ப’ எவ்வளவாக இருக்கலாம்?

2. தீர்க்க: −7 ≤ 5 − 3ப < 11

3. மேலே கண்ட சுரங்கக் கணக்கின்படி, பாறையின் வெப்பம் 33 டிகிரிக்குக் குறைவாக அல்லது 57 டிகிரிக்கு அதிகமாக இருக்கும் ஆழங்கள் எவை? சுரங்கத்தின் ஆழம் 3.2 கிலோமீட்டர் என்று கொள்க.

விடைகள்

1. 10,000 ≤ ப ≤ 15,000
2. −2 < ப ≤ 4 (−3ஆல் வகுக்கும்போது குறிகள் திரும்புவதைக் கவனிக்க)
3. 0 ≤ ஆ < 0.5 அல்லது 2.5 < ஆ ≤ 3.2